இரண்டு கட்டை சுருதியில் மைல்ஸ் டேவிஸ்

ஜாஸ் கேட்க ஆசையாக இருக்கிறது, எங்கே தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் உடனே ஒரு ஆல்பத்தின் பெயரைச் சொல்வதில்லை. இதுவரை எதைக் கேட்டு வளர்ந்தீர்கள் என்று கேட்பேன். காலையில் வீட்டு ரேடியோவில் என்ன ஓடியது, ஊர்த் திருவிழாவில் வாசித்தது நாகஸ்வரமா நையாண்டி மேளமா, அப்பா சவரம் செய்யும்போது முணுமுணுத்த பாட்டு எது. அந்தப் பதிலுக்குள்தான் அவருக்கான முதல் ஜாஸ் பாட்டு இருக்கிறது. கேட்டே ஆகவேண்டிய நூறு ஆல்பங்கள் என்கிற மாதிரியான பட்டியல்களை நானும் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் பட்டியலைப் பார்த்து ஜாஸுக்குள் வந்த ஒருவரை இன்னும் சந்திக்கவில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும், யாரோ ஒருவர் "இதைக் கொஞ்சம் கேளேன்" என்று நீட்டிய ஒரே ஒரு பாட்டின் வழியாக வந்தவர்கள்.

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடிப் பாட்டுக் கேட்கிறோம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பழைய பில்டிங் ஒன்றின் இரண்டாவது மாடி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமி ஒருவரின் வீடு. பாலக்காட்டுக் குடும்பம், சின்ன வயதிலிருந்து வீணை. பக்கத்து பில்டிங்கிலிருந்து மிருதங்கம் கற்றுக்கொள்ளும் கல்லூரிப் பையன் ஒருவன் வருவான். செம்பூரிலிருந்து ஒரு அக்காவும் அவர் கணவரும் ஆட்டோவில் வருவார்கள், அக்காவுக்கு பி.சுசீலா பாடிய பாட்டில் தெரியாதது இல்லை. தாராவியிலிருந்து அண்ணாச்சி வருவார். திருநெல்வேலிக்காரர், அப்பா காலத்திலேயே தோல் வேலைக்காக இங்கே வந்துவிட்ட குடும்பம். கல்யாணம், சாவு, சர்ச் ஊர்வலம் எல்லாவற்றுக்கும் போகிற பேண்டு செட்டில் பல வருடங்கள் ட்ரம்பெட் ஊதியவர்.

விதிகள் கொஞ்சம்தான். ஆளுக்கு ஒரு பாட்டு. ஓடும்போது பேச்சும் கிடையாது, ஃபோனும் கிடையாது. கொண்டுவந்தவர் முன்னுரை சொல்லக்கூடாது. பாட்டு முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், சண்டையும் போடலாம். முன்னுரை கூடாது என்பது மாமி வைத்த விதி. கச்சேரியில் பாடகர் ராகத்தின் பெயரைச் சொல்லாமல் ஆலாபனையைத் தொடங்கும்போது சபையில் ஒரு கவனம் வருமே, அது வேண்டும் என்றார். இந்த விதியின் அருமை எனக்குப் போகப் போகத்தான் விளங்கியது. வரலாற்றை முதலில் சொல்லிவிட்டால் கேட்பவர் பாட்டை விட்டுவிட்டு நாம் சொன்னதைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்.

அங்கே நான் முதலில் கொண்டுபோனது அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் "ஸோ வாட்". மாமியின் காதை மனதில் வைத்துத்தான் எடுத்தேன். பியானோவும், கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியமான பாஸும் தாளத்துக்குள் வராமல் மெல்லத் தயங்கித் தயங்கித் தொடங்கும். பிறகு பாஸ் தனியாக ஒரு வரியைச் சொல்லும், பியானோ இரண்டே கார்டில், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் இரண்டு ஸ்வரக் கொத்துகளில், பதில் சொல்லும். அடுத்து அதே பதிலை ட்ரம்பெட்டும் சாக்ஸபோன்களும் சேர்ந்து சொல்லும். அதன்பின் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போவார்கள். ஒன்பது நிமிடத்துக்கும் கொஞ்சம் மேல். முடிந்ததும் மாமிதான் முதலில் பேசினார்.

"கரஹரப்ரியாவோட ஸ்வரம்னா இது. ஆனா கமகமே இல்லை. நடுவுல சுருதியை ஏத்திட்டு மறுபடியும் எறக்கறாளே, எதுக்கு?"

மேற்கத்திய இசையில் டோரியன் என்று அழைக்கப்படும் ஸ்வர வரிசை கர்நாடக இசையில் 22ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, கரஹரப்ரியாவின் அதே ஏழு ஸ்வரங்கள்தான். "ஸோ வாட்" அதை டி-யில், நம் கணக்கில் இரண்டு கட்டையில் வைத்துக்கொள்கிறது. எட்டு எட்டு பார்களாக நான்கு பகுதி; பார் என்பது அவர்களுடைய தாள அளவு. முதல் இரண்டும் கடைசியும் இரண்டு கட்டை. மூன்றாவது பகுதி மட்டும் இரண்டரைக் கட்டைக்கு ஏறும். எட்டு பார் முடிந்ததும் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். 32 பார் கொண்ட இந்தச் சுற்றைத்தான் நான்கு பேரும் மாற்றி மாற்றி விரிக்கிறார்கள். மாமியின் காது ஒரே கேட்பில் அந்த ஏற்றத்தைப் பிடித்துவிட்டது. பல வருடம் சுருதியோடு வாழ்ந்த காது.

எதற்கு ஏற்றுகிறார்கள் என்ற கேள்விக்குக் கொஞ்சம் சுற்றி வந்து பதில் சொன்னேன். அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து வருடங்களில், சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் தலைமுறையில், ஒரு பாருக்கு ஒன்று இரண்டு என்று கார்டுகள் மாறிக்கொண்டே இருந்தன. வாசிப்பவர் தன் கற்பனையை அந்த மாற்றங்களுக்குள்ளே நெய்தாக வேண்டும். நம் இசையில் தம்புரா மீட்டியதும் ஸட்ஜம் அசையாமல் நின்றுவிடுகிறது. பாடகர் எங்கே போனாலும் அது காத்திருக்கும். ஜாஸ் வாசிப்பவரோ ஓடுகிற லோக்கலில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவரைப் போல, காலுக்குக் கீழே தரை நகர நகர நிமிர்ந்து நிற்க வேண்டும். டேவிஸ் 1959இல் அந்த நகர்வைக் குறைத்தார். ஒரு ஸ்வர வரிசையிலேயே நீண்ட நேரம் தங்கவிட்டார். அப்படித் தங்கும்போது காது சோர்ந்துவிடாமல் இருக்க அந்த அரைக் கட்டை ஏற்றம்.

ஆனால் இதை ராகம் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. மாமியும் ஒத்துக்கொள்ளவில்லை. கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள் இருக்கின்றன. காந்தாரத்துக்கும் நிஷாதத்துக்கும் உரிய அசைவு இல்லை, பிடிகள் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று சந்தோஷப்பட்டு நிறுத்திக்கொண்டால் இரண்டையுமே பாதிதான் கேட்கிறோம். நம் காது உள்ளே நுழைய ஒரு வாசல் கிடைத்தது. அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும்.

உள்ளே போனால் அங்கே நான்கு விதமான மனோதர்மம், அந்தந்த நேரத்துக் கற்பனை. டேவிஸ் கொஞ்சம் வாசித்து நிறைய விடுவார். அடுத்து சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன். "இவர் பிருகா பாடறவர்" என்றார் மாமி, ஸ்வரங்களை வேகவேகமாக உருட்டுவதைப் பார்த்து. கேனன்பால் ஆடர்லியின் ஆல்ட்டோ சாக்ஸில், கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வடிவமான ப்ளூஸின் சிரிப்பு இருக்கும். கடைசியில் பியானோவில் பில் எவன்ஸ், ஸ்வரங்களை நெருக்கிக் கொத்துக் கொத்தாக வைப்பார். பால் சேம்பர்ஸின் பாஸும் ஜிம்மி காப்பின் ட்ரம்ஸும் இவர்கள் நால்வரையும் தாங்கிக்கொண்டு போகின்றன. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் 30ஆவது தெருவிலிருந்த கொலம்பியா ஸ்டூடியோவில் பதிவானது. ஒரு காலத்தில் சர்ச்சாக இருந்த கட்டடம்; அந்த உயரமான கூரையின் விசாலம் ஒலியில் கேட்கும். டேவிஸ் சில மணி நேரத்துக்கு முன்புதான் இந்தக் குறிப்புகளை உருவாக்கினார் என்று ஆல்பத்தின் உறையில் எவன்ஸே எழுதியிருக்கிறார். "கைண்ட் ஆஃப் ப்ளூ" என்ற அந்த ஆல்பத்தை நான் எத்தனையோ வருடங்களாகக் கேட்டுவருகிறேன். பல்லவியை பாஸிடம் கொடுத்துவிட்டு ட்ரம்பெட் வெறுமனே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை மாமி சொல்லித்தான் கவனித்தேன். "தலைவரா இருந்துண்டு பின்பாட்டு பாடறார் பாரு" என்றார். இப்போது எனக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் கேட்கிறது.

பகிர்வதில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். ஒன்றைக் கொடுத்தால் அது வேறு ஒன்றாகத் திரும்பி வருகிறது.

மிருதங்கப் பையனுக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. டேவ் புரூபெக் குழுவின் "டேக் ஃபைவ்". பால் டெஸ்மண்ட் இயற்றியது, அதே 1959. ஐந்து எண்ணிக்கைத் தாளம் என்று அவனுக்குச் சொல்லவே தேவைப்படவில்லை. இரண்டாவது சுற்றில் அவன் விரல் தொடையில் ஓட ஆரம்பித்துவிட்டது. முடிந்ததும் சொன்னான்: "கண்டசாபுதான், ஆனா திருப்பிப் போட்டிருக்காங்க அண்ணா." சரியாகச் சொன்னான். கண்டசாபு தக தகிட, இரண்டும் மூன்றும். இவர்கள் தகிட தக, மூன்றும் இரண்டும். அவனை அதிகம் அசைத்தது ஜோ மொரெல்லோவின் தனி. நடுவில் ட்ரம்ஸ் தனியாக விரியும்போது புரூபெக்கின் பியானோ அந்த ஐந்தை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும், தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் கையில் தாளம் போடுவதுபோல. அந்தப் பிடிமானம் இருப்பதால்தான் மொரெல்லோ அவ்வளவு இடம் விட்டு, அவ்வளவு நிதானமாக வாசிக்க முடிகிறது. பையனின் குருவும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாராம்: தனியில் நிரப்பாதே.

அடுத்த மாதம் அவன் தானாகவே அதே ஆல்பத்தின் முதல் பாட்டைக் கொண்டுவந்தான். "ப்ளூ ரோண்டோ அ லா டர்க்". தக தக தக தகிட என்று மூன்று முறை, நான்காவது முறை தகிட தகிட தகிட. எல்லாம் ஒன்பதுதான்; பிரிக்கிற விதம் மாறுகிறது. இந்த நடையை புரூபெக் இஸ்தான்புல் தெருவில் வாசித்துக்கொண்டிருந்த இசைக்காரர்களிடம் கேட்டு எடுத்துக்கொண்டார். 1958இல் அமெரிக்க அரசு அனுப்பிய பயணம் அது. அதே பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தார். பம்பாயில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானுடன் உட்கார்ந்து வாசித்தார். மதராஸில் அந்தக் குழு பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைச் சந்தித்தது. இதைச் சொன்னபோது பையன் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. அவன் குருவின் பாணி எங்கேயிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியும்.

அண்ணாச்சிக்குக் கொடுத்தது லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் "வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்". 1928 ஜூன் 28, சிகாகோ. தொடக்கத்தில் துணைக்கு எந்த வாத்தியமும் இல்லாமல் ட்ரம்பெட் மட்டும் ஏறி இறங்கும். பத்துப் பன்னிரண்டு வினாடிதான். ஜாஸ் என்பது கூட்டமாகச் சேர்ந்து வாசிக்கிற ஆட்டப்பாட்டு மட்டுமில்லை, ஒரு தனி மனிதர் நின்று பேசுகிற கலையும்கூட என்பதை அந்த வினாடிகள் நிலைநாட்டிவிட்டன. கடைசிச் சுற்றில் ஒரே ஒரு உச்ச ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு பார் அளவுக்கு விடாமல் நிற்பார். அந்த இடத்தில் அண்ணாச்சியின் கன்னம் தானாக உப்பியது. பாட்டு முடிந்ததும், "மூச்ச எங்க வச்சிருக்காரு தம்பி இவரு?" என்று கேட்டார். பிறகு, பழைய ரெக்கார்டின் இரைச்சலுக்குள்ளும் உதட்டு வேலை எப்படித் தெரிகிறது என்று எங்களுக்கு ஊதிக்காட்டாத குறையாக விளக்கினார்.

அன்றைக்கு ஜாஸ் பிறந்த அமெரிக்க நகரமான நியூ ஆர்லியன்ஸைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த ஊரில் ஒருவர் இறந்தால் பித்தளை வாத்தியக்காரர்கள் முன்னே போவார்கள். கல்லறைக்குப் போகும்போது "ஜஸ்ட் அ க்ளோசர் வாக் வித் தீ" போன்ற கீர்த்தனையை மிக மெதுவாக, கால் இழுத்து நடக்கிற நடையில் வாசிப்பார்கள். உடலை ஒப்படைத்த பிறகு திரும்பும் வழியில் ட்ரம்ஸ் சட்டென்று துள்ளும். "ஓ, டிடின்ட் ஹி ராம்பிள்" போன்ற பாட்டு. உறவினர்களுக்குப் பின்னால் தெரு ஜனம் குடையை விரித்துக்கொண்டு ஆடிவரும். இதை நான் ஏதோ அதிசயம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி குறுக்கிட்டார்.

"எங்க ஊர்ல போறப்பவே ஆடுவோம். வயசாகிச் செத்தா பறை இல்லாம பொணம் எடுக்க மாட்டோம். இங்க வந்த பெறகு பறையோட பேண்டும் சேந்துக்கிடிச்சு. எங்கப்பாவுக்கு நானே ஊதினேன்."

ஜாஸ் எங்கே பிறந்தது என்று நிறைய படித்திருக்கிறேன். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடிய காங்கோ சதுக்கம், ராணுவ பேண்டு வாத்தியங்கள், சர்ச் பாட்டு, ப்ளூஸ் எல்லாம் கலந்த கதை. சாவு வீட்டில் ஊதுகிறவனின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை எந்தப் பக்கத்திலும் நான் படித்ததில்லை. அழுகை வந்தால் உதடு நடுங்கும், உதடு நடுங்கினால் ஸ்வரம் உடையும், அதனால் ஊதுகிறவன் அழக்கூடாது என்றார் அண்ணாச்சி. ஆர்ம்ஸ்ட்ராங் வளர்ந்தது அப்படிப்பட்ட ஊர்வலங்களுக்குப் பின்னால்.

அண்ணாச்சி வந்துபோகிற தாராவியிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடற்கரை ஓரத்துத் தாஜ் மஹால் ஹோட்டலில், 1935இல் லியோன் அப்பேயின் கறுப்பின அமெரிக்கக் குழு வாசித்திருக்கிறது. அவருக்குப் பின் கார்னெட் வாசித்த கிரிக்கெட் ஸ்மித், பியானோ வாசித்த டெடி வெதர்ஃபோர்டு. அவர்களோடு நின்று கற்றுக்கொண்டவர்கள் கோவாக்காரர்கள். சர்ச் பள்ளிகளில் சின்ன வயதிலேயே ஸ்வரக்குறிப்பு படிக்கப் பழகியவர்கள். அன்டோனியோ சேவியர் வாஸ் என்பவர் சிக் சாக்லேட் என்ற பெயரில் ட்ரம்பெட் வாசித்தார். இந்தியாவின் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் என்றே அவரை அழைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், பம்பாயில் மதுவிலக்கு வந்தது, ஹோட்டல் மேடைகள் சுருங்கின. அந்தக் கலைஞர்கள் சினிமா ஸ்டூடியோக்களுக்குள் போனார்கள். மெட்டு இசையமைப்பாளருடையது, அதற்கு எந்த வாத்தியம் எங்கே எப்படி என்று எழுதிக்கொடுத்தது செபாஸ்டியன் டிசோசா, ஃபிராங்க் ஃபெர்னாண்ட் போன்றவர்கள். சிக் சாக்லேட் சி.ராம்சந்திராவோடு வேலை செய்தார்.

இந்த இடத்தில் செம்பூர் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வஞ்சிக்கோட்டை வாலிபன் ராம்சந்திராவா?" அவரேதான். 1958. பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுகிற அந்தப் பாட்டு இல்லாத தமிழ் வீடு உண்டா. அந்த இசையமைப்பாளர் இந்தியில் 1951இலேயே "அல்பேலா"வில் பம்பாய் ஜாஸ்காரர்களின் பித்தளையையும் துள்ளலையும் வைத்துக் கொட்டம் அடித்தவர். அன்று மிச்ச நேரம் முழுக்கப் பழைய சினிமாப் பாட்டுதான் ஓடியது. பாட்டுக்குப் பின்னால் ஒரு சாக்ஸபோன் எட்டிப் பார்த்தால்கூட அண்ணாச்சி விரலை உயர்த்துவார்.

நம்மவர்கள் பலருக்கு சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத்தான். 1994இல் வந்த "டூயட்" அந்த ஒலியை ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் வாசித்தது சுத்தமான கர்நாடக சங்கீதம். அதற்காகவே வாத்தியத்தில் மாற்றங்கள் செய்துகொண்டார். ஆனால் அவருடைய வாழ்க்கையில் ஒரு திருப்பம் 1980இல் இதே பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் வந்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜான் ஹேண்டி அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு, மேடையேறிச் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார். அந்த விழா 1978இல் தொடங்கிய ஜாஸ் யாத்ரா. ரங் பவன் திறந்தவெளி அரங்கில் முதல் வருடமே சோனி ராலின்ஸ் வாசித்திருக்கிறார். நான் அந்தக் கூட்டத்தில் இருந்ததில்லை என்பது எனக்குத் தீராத ஏக்கம்.

செம்பூர் அக்காவுக்கு வருகிறேன். அவர் வார்த்தையைக் கேட்பவர். சுசீலா ஒரு சொல்லை எந்த இடத்தில் லேசாக நசுக்குகிறார், எந்த இடத்தில் மூச்சை விடுகிறார் என்று சொல்வார். அவருக்கு ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே. அதுவும் ஒலி மட்டும் போதாது, 1957 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் அவர் "ஃபைன் அண்ட் மெல்லோ" பாடிய காட்சியைப் போட்டேன். சுற்றிலும் சாக்ஸபோன் மேதைகள் நிற்கிறார்கள். ஒருவர் முறை முடிந்ததும் லெஸ்டர் யங் எழுந்து வருகிறார். உடம்பு தளர்ந்துபோன காலம் அவருக்கு. மிகக் குறைவான ஸ்வரங்களில் ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஹாலிடேயின் முகத்தை கேமரா பிடிக்கிறது. அவள் தலையசைக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். இருவருக்கும் இருபது வருடத்துக்கு மேற்பட்ட நட்பு. அவர்தான் அவளுக்கு லேடி டே என்று பெயர் வைத்தார். 1959 மார்ச்சில் யங் போனார், ஜூலையில் ஹாலிடே.

அக்கா இரண்டாவது முறை போடச் சொன்னார். "தாளம் முன்னாடி போறது, இவ பின்னாடியே வரா. அவசரமே இல்ல" என்றார். ஹாலிடேயைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதைச் சொல்வார்கள், ஆனால் அக்கா எதையும் படிக்காமல் கேட்டே சொன்னார்.

"ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்" பாட்டை நான் கொண்டுபோகவில்லை. அதை யாருக்கும் முதல் பாட்டாகக் கொடுக்கக்கூடாது என்பது என் எண்ணம். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களை அடித்து மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றியது. நியூயார்க் பள்ளி ஆசிரியர் ஏபல் மீரோபோல் எழுதியது. ஹாலிடேயின் வழக்கமான கம்பெனியான கொலம்பியா பதிவு செய்யத் தயங்கி ஒதுங்கியது. கமடோர் என்ற சிறிய கம்பெனி 1939இல் வெளியிட்டது. பல மாதம் கழித்து அக்காவே தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். மூன்று நிமிடம். முடிந்ததும் வரிகளின் பொருளை மாமி கேட்க, அக்கா மெதுவாகச் சொன்னார். அண்ணாச்சி, "எங்க பக்கமும் அப்படி மரம் உண்டு" என்றார். அன்று அதற்கு மேல் யாரும் பாட்டுப் போடவில்லை.

துக்கமே கொடுத்துக்கொண்டிருக்கக்கூடாது என்று அடுத்த மாதம் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் 1960 பெர்லின் கச்சேரி. "மேக் தி நைஃப்" பாடும்போது நடுவில் வரிகள் மறந்துபோகின்றன. அவர் நிறுத்தவில்லை. மறந்துவிட்டது என்பதையே பாட்டாக்கி, அந்த நிமிடத்தில் வார்த்தை புனைந்து, ஆர்ம்ஸ்ட்ராங் குரலில் கொஞ்சம் பாடிக்காட்டி, சபையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறார். மாமி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலுக்குத் தயாராக இருக்கிற குரலுக்கு வரி மறந்தால் என்ன ஆகிவிடும்.

எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது ஜான் கோல்ட்ரேனின் "அ லவ் சுப்ரீம்". இதை நான் வெகு நாள் எடுத்துப்போகாமல் இருந்தேன். 33 நிமிடம், நான்கு பகுதியையும் சேர்த்துக் கேட்டால்தான் அது தன் வடிவத்தில் இருக்கும், எங்கள் கணக்குக்கோ ஆளுக்கு ஒரு பாட்டு. கடைசியில் எல்லோரும் தங்கள் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1964 டிசம்பர் 9, நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. மெக்காய் டைனர் பியானோ, ஜிம்மி கேரிசன் பாஸ், எல்வின் ஜோன்ஸ் ட்ரம்ஸ். முதல் பகுதியில் நான்கே ஸ்வரங்கள் கொண்ட ஒரு சிறு பிடி. அதை கோல்ட்ரேன் பன்னிரண்டு சுருதிகளிலும் வைத்து வைத்துப் பார்ப்பார், எல்லாக் கதவையும் தட்டிவிட வேண்டும் என்பதுபோல. அதன்பின் சாக்ஸபோனை எடுத்துவிட்டு, அந்த நான்கு ஸ்வரத்தையும் குரலில் நாமம்போலத் திரும்பத் திரும்பச் சொல்வார்.

நான்காவது பகுதி "ஸாம்", அதாவது துதிப்பாடல். தாளக்கட்டு இல்லை. டிம்பனி முரசின் உருளல், பியானோவின் கனத்த அடிகள், மேலே சாக்ஸபோன். கோல்ட்ரேன் கடவுளுக்கு நன்றி சொல்லி எழுதிய கவிதை ஒன்று ஆல்பத்தின் உறையில் அச்சாகியிருக்கிறது. அந்தக் கவிதையைத்தான் இங்கே சொல் சொல்லாக, அசை அசையாக சாக்ஸபோனில் வாசிக்கிறார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்த இடத்தில் எந்த வரி என்று விரலை ஓட்டிக்கொண்டே போகலாம். இது எங்களுக்குப் புதிதில்லை. விருத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தாளம் ஒதுங்கிக்கொள்ள, சொல்லின் பொருளே ராகத்தை நடத்திக்கொண்டு போகிற அந்த இடம். கச்சேரியின் கடைசியில், கீர்த்தனைகள் எல்லாம் ஓய்ந்தபிறகு வருவது. கோல்ட்ரேனும் கடைசியில்தான் வைத்திருக்கிறார். முடிந்தபோது மாமி கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை வயசு அவருக்கு அப்போ?" முப்பத்தெட்டு. நாற்பதில் போய்விட்டார்.

அன்றே பையன் கேட்டான், இவர் நம் இசையைக் கேட்டிருப்பாரா என்று. கேட்டிருக்கிறார். 1961இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு ஜாஸ் கிளப்பில் "இந்தியா" என்றே ஒரு பாட்டை வாசித்தார். 1965இல் பிறந்த மகனுக்கு ரவிசங்கரின் பெயரை வைத்தார். கோல்ட்ரேன் போன பிறகு அவர் மனைவி ஆலிஸ், ஹார்ப்பும் பியானோவும் வாசிப்பவர், துயரத்திலிருந்து மீள ஒரு குருவை நாடினார். சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்தவர்; 1969இல் வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். அவருக்காக ஆலிஸ் செய்த ஆல்பம் "ஜர்னி இன் சச்சிதானந்தா", 1971. தலைப்புப் பாட்டில் தம்புரா இழைய, செசில் மெக்பீயின் பாஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல, ஃபாரோ சாண்டர்ஸின் சொப்ரானோ சாக்ஸ் அதன்மேல் மிதக்கும். ஒரு கொங்கு நாட்டுக்காரரின் பெயரில் ஜாஸின் மிக அழகான பாட்டுகளில் ஒன்று இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம். யாராவது எனக்கு நேரமே இல்லை, ஒன்றே ஒன்று சொல் என்று கேட்டால் இப்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

சிலவற்றைத் தள்ளிப்போடவும் வேண்டும். அதே கோல்ட்ரேனின் "அசென்ஷன்", பதினொரு பேர் ஒரே சமயத்தில் கொந்தளிப்பது, மகத்தான வேலை. ஆனால் புதியவர் காதில் அதைக் கொட்டினால் அவர் திரும்பி வரமாட்டார். காபிக்கடைகளில் பேச்சுக்கு அடியில் வழவழவென்று ஓடிக்கொண்டிருக்கும் சாக்ஸபோனை ஜாஸ் என்று யாருக்கும் அறிமுகப்படுத்தாதீர்கள். கவனத்தைக் கேட்காத இசையை வைத்து, கவனத்தாலேயே வாழ்கிற ஒரு கலையை எப்படிக் காட்டுவது? சார்லஸ் மிங்கஸ், தெலோனியஸ் மங்க் என்ற ஜாஸ் மேதைகள் இருவரும் இரண்டாம் சுற்றுக்கு. அதிலும் லெஸ்டர் யங்கின் நினைவாக மிங்கஸ் செய்த "குட்பை போர்க் பை ஹேட்" பாட்டை, ஹாலிடேயையும் யங்கையும் பார்த்த பிறகுதான் கொடுப்பேன். யாருக்காக என்று தெரிந்தால் அந்த மெட்டு இன்னும் ஆழமாக இறங்குகிறது.

வரும் ஞாயிறு என் முறைக்கு ஜாஸ் குழுத் தலைவர் ட்யூக் எலிங்டனை எடுத்துவைத்திருக்கிறேன். 1963இல் அவரும் இந்தியா வந்தார். டெல்லியில் ஒரு மைனாவின் சத்தத்தை அவரோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் கேட்டார். அது "ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்" ஆல்பத்தில் "ப்ளூபேர்டு ஆஃப் டெல்லி" ஆயிற்று. ஜிம்மி ஹாமில்டனின் க்ளாரினெட்தான் அந்த மைனா. இதெல்லாம் பாட்டு முடிந்த பிறகுதான் சொல்வேன். பையன், நியூயார்க் மாநிலத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோக்காரர் விஜய் ஐயரைக் கொண்டுவருகிறான், எந்தப் பாட்டு என்று சொல்ல மறுக்கிறான். அக்கா எதைக் கொண்டுவருகிறார் என்பது வந்தால்தான் தெரியும். அண்ணாச்சி இந்த முறை ஆர்ம்ஸ்ட்ராங்கின் அந்தத் தொடக்கத்தைத் தானே ஊதிக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ட்ரம்பெட்டை எண்ணெய் போட்டு எடுத்துவைத்தாயிற்றாம். பில்டிங் சொசைட்டி செயலரிடம் மாமி பேசிவிட்டார், எட்டு மணி வரை ஆட்சேபணை இல்லை. செயலரும் வருகிறார். அவர் மராட்டிக்காரர், மராட்டி நாடகப் பாட்டான நாட்யசங்கீதம் கேட்டு வளர்ந்தவராம். அவருக்கு எந்தப் பாட்டைக் கொடுப்பது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.